காற்று போகும் வழி

வலது தோளில் கிளம்பிய வலி முழங்கைவரை இறங்கி அங்கேயே குடியேறிவிட்டது. காலையிலிருந்து பதினான்கு கற்பலகைகள், ஒவ்வொன்றும் ஆளுயரம். வாளுக்கு அடியில் தள்ளி, அறுத்து முடிந்ததும் இழுத்து, சுவரோரம் சாய்த்துவிட்டு நிமிரும்போதெல்லாம் தோள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னது. மூன்றாவது மாடி ஏறுவதற்குள் அவன் இரண்டு இடத்தில் நின்றான். கைப்பிடிச் சுவரைப் பிடித்த இடங்களில் வெள்ளை வெள்ளையாக விரல்கள் பதிந்தன. கல் அறுக்கும் பட்டறையில் வேலை செய்கிறவன் எத்தனை சோப்பு போட்டாலும் அப்படித்தான். கல்மாவு ரேகைக்குள் உட்கார்ந்துகொண்டு கூடவே வீட்டுக்கு வரும்.

கதவு திறந்தே கிடந்தது. மனைவி மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில் கிடந்தன. அந்தக் கைகள் சும்மா கிடந்து அவன் பார்த்து நாலு மாதம் ஆகிறது.

"சாப்பாடு மூடி வச்சிருக்கேன்" என்றாள், திரும்பாமல்.

"என்னாச்சு?"

"செத்துப்போச்சு."

"யாரு?"

அவள் மேசைக்கு அடியில் நின்ற கருப்புப் பெட்டியைக் காலால் காட்டினாள். "இதுதான். நேத்தே ரெண்டு தடவ தானா அணைஞ்சது. இன்னிக்கு மீதிப் பக்கத்தையெல்லாம் முடிச்சிடணும்னு உக்காந்தேன். பதினோரு மணிக்கு உர்ருன்னு ஒரு சத்தம், ஒரு தீஞ்ச வாடை. பொட்டுனு போயிடுச்சு. பட்டனை அமுக்கி அமுக்கி விரல் தேஞ்சதுதான் மிச்சம்."

அவன் கைகழுவப் போனான். தீய்ந்த வாடை இன்னும் அறையில் இருந்தது.

அவளும் அதே பட்டறையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள்தான். மெருகேற்றும் கொட்டகையில், ஈரத்தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து பலகை தேய்க்கிற வேலை. முட்டி இரண்டும் போனது. இந்த வேலை வேண்டுமா, நடக்கக் கால் வேண்டுமா என்று கேட்டுவிட்டார் டாக்டர். கல்யாணத்துக்கு முன்னால் அவள் டைப்ரைட்டிங் பழகியிருந்தாள். அந்த வேகம் விரலில் அப்படியே இருந்தது. விசாரித்து விசாரித்து, வீட்டிலிருந்து டைப் அடிக்க வேலை கொடுக்கும் ஓர் அம்மாளைப் பிடித்தாள். அந்த அம்மாள் சோதனைக்கென்று ஒரு மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைக் கொடுத்திருந்தாள், கையால் எழுதியவை. அறுநூறு பக்கம். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் முடித்துக் கொடுத்தால் வருஷம் முழுக்க வேலை உண்டு. இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாள். கொட்டகையில் இடம் காலியாக இருக்கிறது, திங்கட்கிழமை வந்தால் சேர்த்துக்கொள்கிறேன் என்று மேஸ்திரி வேறு சொல்லியனுப்பியிருந்தார். அவர் நல்லதாக நினைத்துத்தான் சொன்னார். அதைக் கேட்ட அன்று அவள் சாப்பிடவில்லை.

இன்று வியாழக்கிழமை. ஐந்நூற்று இருபது பக்கம் முடிந்திருந்தது. பென்டிரைவில் ஏற்றி வைத்தது முந்நூறு. மீதி எல்லாம் அந்தக் கருப்புப் பெட்டிக்குள்.

அவன் தட்டை எடுத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தான். அவள் தம்பிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, பதினோரு மணிக்கு நடந்ததைச் சொன்னாள். தம்பி லிஃப்ட் மெக்கானிக். பழைய சாமான்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கி இந்தக் கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கட்டி, நாலு மாதத்துக்கு முன்னால் தோளில் சுமந்து மூன்று மாடி ஏற்றிக்கொண்டு வந்தவன் அவன்தான்.

"ஸ்விட்ச்ல லைட் எரியுதா அக்கா?"

"எரியுது. அதுகூடவா எனக்குத் தெரியாது?"

"வேற பிளக்ல மாட்டிப் பாத்தியா?"

"இஸ்திரிப்பெட்டி மாட்டுற பிளக்ல மாட்டினேன். இஸ்திரிப்பெட்டி வேலை செய்யுது. இது செய்யல."

"பெட்டியத் தொட்டுப் பாரு. சூடா இருக்கா?"

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு முட்டியை மெல்ல மடக்கிக் குனிந்தாள். தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். "இஸ்திரிப்பெட்டியே தேவலாம்டா."

"மூணு மணி நேரம் ஆகியுமா? அவ்ளோ சூடு ஆகாதே." அந்தப் பக்கம் இரும்புக் கதவு இழுபடும் சத்தம் கேட்டது. "காத்து போற வழி ஏதாவது அடைச்சிருக்கா பாரு. துணி கிணி போட்டு மூடினியா? பின்னாடியும் பக்கத்துலயும் சல்லடை மாதிரி ஓட்டை இருக்கும்ல, அது வழியாத்தான் அது மூச்சு விடுது."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. சுவத்தவிட்டு ஒரு சாண் தள்ளித்தான் வச்சிருக்கேன். நீ சொன்ன மாதிரியேதான்."

வாயில் இருந்த கவளம் அவனுக்கு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

அந்தக் காற்று வழியை அடைத்தது அவன்தான். ஞாயிற்றுக்கிழமை, அவள் காய்கறி வாங்கப் போயிருந்தபோது.

பட்டறையில் அவனுக்குப் பெயர் பிளாஸ்திரி. இரண்டு வருடத்துக்கு முன்னால் பெரிய வாளின் சுவிட்ச் பெட்டிக்குள் கல்மாவு புகுந்து, படாரென்று வெடித்து, நாலு நாள் வேலை நின்றது. கடைசியாகப் பெட்டியைத் திறந்து மூடியவன் அவன். மேஸ்திரி எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். அன்று டேப்பைக் கையில் பிடித்தவன் விடவில்லை. திங்கட்கிழமை தோறும் பழுப்பு டேப்பை எடுத்துக்கொண்டு பட்டறையைச் சுற்றி வருவான். எந்தப் பெட்டியில் விரல் நுழையும் ஓட்டை தெரிந்தாலும் ஒட்டிவிடுவான். 'ஏய் பிளாஸ்திரி, என் மூக்குலயும் ரெண்டு ஓட்டை இருக்குய்யா' என்று வாள்காரன் கேலி பண்ணுவான். சிரித்தாலும் டேப் ஒட்டிய பெட்டி எதுவும் அதற்குப் பிறகு வெடித்ததில்லை. அங்கே வாளுக்கு மேல் எந்நேரமும் தண்ணீர் ஓடும். சூட்டை அது பார்த்துக்கொள்ளும். காற்று வேண்டும் என்று எந்த இயந்திரமும் அவனிடம் கேட்டதில்லை.

போன சனிக்கிழமை அவன் சட்டையை உதறியபோது அவள் சொன்னாள்: "உங்க சட்டையிலேருந்து கொட்டுற மாவு ஒண்ணு போதும், என் கம்ப்யூட்டருக்கு." சும்மா சொன்னாள். அவனுக்கு அது நெஞ்சில் தைத்தது. தன் தூசி அவள் பிழைப்பில் விழக்கூடாது என்று நினைத்தான். மறுநாள் பெட்டியைத் திருப்பி, பின்பக்கம் ஒன்று விடாமல், பக்கவாட்டில் ஒன்று விடாமல், மூலை மடித்து, விரலால் நீவி, ஒரு குழந்தைக்குக் கட்டுப்போடுகிற மாதிரி ஒட்டினான். திருப்பி வைத்தபோது அவனுக்கே பெருமையாக இருந்தது. அவளுக்கு முட்டி லேசில் மடங்காது. சுவரைப் பார்த்திருக்கிற பக்கத்தை அவள் எதற்குக் குனிந்து பார்க்கப் போகிறாள்?

"பழைய இரும்புக்கடைச் சாமானை என் தலையில கட்டிட்டே" என்று அவள் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, திட்டுறத நேர்ல வந்து வாங்கிக்கிறேன். நாலரைக்கு வந்துடுவேன். அதுவரைக்கும் பட்டனத் தொடாத. ஆறட்டும்."

அவள் போனை வைத்துவிட்டு, துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனாள். முட்டியோடு ஏறி இறங்கக் கால் மணி நேரம் ஆகும்.

அவன் தட்டை அப்படியே வைத்துவிட்டு மேசைக்கு அடியில் புகுந்தான். தோள் கத்தியது. டேப் சூட்டில் இளகி, பிசின் பாகாக இருந்தது. நகத்தால் சுரண்டி, கிழித்து, பிய்த்தான். ஓட்டைகள் வழியே வெந்த காற்று முகத்தில் அடித்தது. மூச்சு முட்டி இறந்துபோன ஒன்றின் வாயைத் திறந்துவிடுகிற மாதிரி இருந்தது. பிய்த்ததை எல்லாம் உருட்டிக் கால்சட்டைப் பைக்குள் திணித்தான். மாடிப்படியில் அவள் காலடி கேட்டபோது தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"இன்னுமா சாப்பிடுறீங்க?"

"தோள் வலி. கை தூக்க முடியல."

பாதி உண்மை. அவள் துணிக்குவியலைக் கீழே போட்டுவிட்டு, தைலத்தை எடுத்து வந்து, அவன் பின்னால் உட்கார்ந்து தோளைத் தேய்த்துவிட்டாள். பதினோரு வருடம் கல்லைத் தேய்த்த கை. எங்கே அழுத்தவேண்டும் என்று அதற்குத் தெரியும்.

"திங்கக்கிழமை நானும் கூட வந்துடுறேன்" என்றாள் பின்னாலிருந்து. "மேஸ்திரிகிட்ட சொல்லிடுங்க."

"இரு. அவன் வரட்டும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். பைக்குள் இருந்த உருண்டையை எடுத்து அவள் மடியில் போட்டிருந்தால் போதும். 'என் கம்ப்யூட்டரை மட்டும் யாரும் தொடக்கூடாது' என்பது அவள் போட்ட ஒரே சட்டம். தொட்டதோடு விடாமல், கொட்டகையிலிருந்து அவள் வெளியேறுகிற ஒரே வழியையும் அவனே அடைத்திருக்கிறான். தைலம் தேய்க்கிற கையிடம் அதை எப்படிச் சொல்வது?

மைத்துனன் நாலே காலுக்கே வந்துவிட்டான். தோளில் கருவிப் பை, முழங்கையில் கிரீஸ்.

"என்ன மாமா, தோளா?"

"ஆமாம் மாப்ள. பழைய பாட்டுதான்."

"உங்களையும் கழட்டித் துடைச்சு மாட்டணும்போல."

"முதல்ல அதக் கழட்டு" என்றாள் அக்கா. "அவரு நாளைக்கும் ஓடுவாரு."

மைத்துனன் பெட்டியை இழுத்துத் தரையின் நடுவில் படுக்க வைத்தான். அவசரப்படவில்லை. முதலில் பின்னால் கைவிட்டுத் தடவி வயரை மாற்றினான். பட்டனை அமுக்கினான். முன்னால் ஒரு பச்சை விளக்கு கண்சிமிட்டி, உள்ளே விசிறி பாதிச் சுற்று சுற்றி, நின்றது.

"உசுரு இருக்கு" என்றாள் அவள்.

"இழுத்துக்கிட்டு இருக்கு." பக்கத் தகட்டின் திருகாணிகளைக் கழற்றினான். "மாமா, டார்ச்ச இப்படி அடிங்க."

கணவன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். மைத்துனன் நினைவகப் பலகையை உருவி, அதன் தங்கநிறப் பல்லை ரப்பரால் அழித்துத் துடைத்துத் திரும்பச் செருகினான். நடுவிலிருந்த விசிறியைக் கழற்றி, அடியில் பூசியிருந்த பசை காய்ந்து சுண்ணாம்பாக இருப்பதைக் காட்டினான். அதைத் துடைத்துவிட்டு, சிறு ஊசிக்குழாயிலிருந்து புதுப் பசையை ஒரு பட்டாணி அளவு வைத்து விசிறியை மூடினான். ஒவ்வொன்றுக்கும் பட்டனை அமுக்கிப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் அதே கண்சிமிட்டல், அதே பாதிச் சுற்று.

"டாக்டர் வந்து நாடி பாத்துட்டே இருக்காரு" என்றாள் அக்கா. "நோயாளி போயிடப்போறான்."

"பேசாம இரு அக்கா. ஹார்டு டிஸ்க் நல்லா இருந்தா உன் பக்கமெல்லாம் இருக்கும்." பிறகு மூலையில் இருந்த தகரப் பெட்டியைத் தட்டினான். "இதுதான் பவர் சப்ளை. உள்ள எல்லாத்துக்கும் சாப்பாடு போடுறது இவன்தான்." அதிலிருந்து வந்த வயர்க் கற்றையைப் பிடுங்கி, ஒரு காகிதக் கிளிப்பை வளைத்து, பச்சை வயரையும் கருப்பு வயரையும் சேர்த்தான். விசிறி சுற்றவேண்டும். சுற்றவில்லை. முகர்ந்து பார்த்தான். "இவன்தான் தீஞ்சிருக்கான்."

"ஏன் தீஞ்சான்?"

"பாப்போம்."

பெட்டியை ஒருக்களித்துப் பின்பக்கத்தைத் தன் பக்கம் திருப்பினான். டார்ச் வெளிச்சம் அதன்மேல் விழுந்தது. விழச் செய்தவன் கணவன்தான், கையை எடுக்க முடியவில்லை.

ஓட்டைகளைச் சுற்றிலும் பிசின் சதுரம் சதுரமாக மினுங்கியது. பவர் சப்ளையின் சல்லடைமேல், அடியோரத்தில், விரல் அகலத்துக்கு ஒரு துண்டு டேப் பிய்யாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே பிசினில் ஒரு கட்டைவிரல் முழுசாகப் பதிந்திருந்தது. வெள்ளையாக, கல்மாவில் அச்சு எடுத்த மாதிரி, ரேகை ரேகையாக.

மைத்துனன் அதைப் பார்த்தான். பிறகு டார்ச்சைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை.

அக்கா அந்தப் பக்கம் நின்றிருந்தாள். அவளுக்குத் தெரிந்தது பெட்டியின் முன்பக்கம் மட்டும்தான்.

மைத்துனன் அந்தத் துண்டை நகத்தால் மெல்லக் கிளப்பி எடுத்தான். நாலாக மடித்தான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கருவிப் பையிலிருந்து ஒரு துணியை எடுத்து, கட்டைவிரல் அச்சையும் பிசினையும் அழுத்தித் துடைத்தான்.

"என்னடா அது?"

"அழுக்கு." துடைத்துக்கொண்டே சொன்னான். "பவர் சப்ளை பழசு அக்கா. இதுதான் கோளாறு."

"பழசுன்னா? நாலு மாசம்தானே ஆகுது."

"உனக்கு நாலு மாசம். அது அதுக்கு முன்னாடியே ஆறு வருஷம் ஓடினது."

"அது உனக்குத் தெரியுமா?"

கணவன் வாயைத் திறந்தான். அவன் செருமி முடிப்பதற்குள் மைத்துனன் சொல்லிவிட்டான்: "தெரியும். ஓடிடும்னு நினைச்சேன்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் ஈரத்தரையிலேருந்து எந்திரிச்சு வர்றதுக்கு எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சே பழசப் போட்டுக் குடுத்திருக்க."

"அக்கா…"

"இவரு ஒரு நாள் அதைத் தொட்டிருப்பாரா? பக்கத்துல போகவே பயப்படுவாரு, மாவு விழுமோன்னு. உனக்கு அந்த அக்கறைகூட இல்ல."

கணவன் டார்ச்சை அணைத்தான்.

மைத்துனன் எழுந்து, ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். ஐம்பது நிமிடத்தில் வந்தான். கையில் வேறொரு பவர் சப்ளை. அதன் வயர்களில் பலூன் படம் போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அவன் மகள் ஒட்டியது. தன் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருக்கிறான் என்று கணவனுக்குப் புரிந்தது. அவளுக்கு அதைப் பார்க்க மனமில்லை.

மாட்டினான். பட்டனை அமுக்கினான். விசிறிகள் முழுச் சுற்று சுற்றின. திரை வெளுத்து, நீலமாகி, பதிவேட்டின் பட்டியல் வந்து நின்றது. ஐந்நூற்றுப் பதினெட்டாம் பக்கம்வரை இருந்தது. இரண்டு பக்கம் போயிருந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. விரல்கள் ஓட ஆரம்பித்தன.

கணவன் மைத்துனனோடு படியிறங்கினான். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றான்.

"மாப்ள. ஞாயித்துக்கிழமை நான்…"

"தெரியும் மாமா. உங்க கட்டைவிரல் எனக்குத் தெரியாதா?"

"தூசி போயிடக் கூடாதுன்னுதான்…"

"அதுவும் தெரியும். இன்னொரு தடவ ஒட்டணும்னு தோணினா என் வாயில ஒட்டுங்க." சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "அவ அப்படிப் பாத்ததே இல்ல மாமா என்னை."

"நான் இப்பவே போயிச் சொல்லிடறேன்."

"இப்ப வேணாம். இப்பச் சொன்னா ராத்திரி முழுக்க உங்ககூடச் சண்டை போடுவா. எண்பது பக்கம் யாரு அடிக்கிறது? நாளைக்கு நாலு மணி தாண்டட்டும். குடுத்துட்டு வரட்டும். அப்புறம் சொல்லுங்க." கருவிப் பையைத் தோளில் மாற்றிக்கொண்டான். "மறக்காம சொல்லுங்க."

மறுநாள் மூன்றரைக்கே அவள் கொடுத்துவிட்டாள். வேலை கிடைத்துவிட்டது. அடுத்த கட்டுப் பதிவேடுகளையும் கையோடு வாங்கிக்கொண்டு வந்தாள். வந்ததும் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, முட்டியைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். நாலு மணி அடித்தது. நாலரை ஆயிற்று. "அவன நம்பினதுக்கு நான் கொட்டகைக்கே போயிருக்கணும்" என்றாள். "நீங்கதான் 'இரு, இரு'ன்னு தைரியம் சொன்னீங்க." அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ காலம் ஆயிற்று. இன்று வேண்டாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான். அந்த டேப் உருண்டையைப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கல்சேற்றுக் குழிக்குள் எறிந்தான்.

அதற்குப் பிறகு ஏழு வெள்ளிக்கிழமை போய்விட்டது. தம்பி போன் செய்தால் அவள் எடுப்பதில்லை. தம்பி மகளின் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டார்கள். "பழைய இரும்பு குடுத்தவன் வீட்ல எனக்கென்ன வேலை? நீங்க வேணா போங்க" என்றாள். அவன் மட்டும் போனான். போகிற வழியில் புது பவர் சப்ளை ஒன்று வாங்கிக்கொண்டான்.

"அண்ணி வரலையா அண்ணா?" என்று மைத்துனன் மனைவி வாசலிலேயே கேட்டாள். "நாங்க என்ன பண்ணினோம்? வீட்டுல இருந்தத பிடுங்கிக் குடுத்துட்டு இவரு பாட்டு வாங்கினதுதான் மிச்சம்." அவளிடமும் மைத்துனன் சொல்லியிருக்கவில்லை.

மைத்துனன் பெட்டியை வாங்கிப் பிரித்துப் பார்த்தான். நல்ல சாமான்தான் என்று தலையாட்டினான்.

"சொல்லிட்டீங்களா மாமா?"

"இல்ல மாப்ள."

"சரி" என்றான். பிள்ளைகளுக்குப் பலூன் ஊதப் போய்விட்டான்.

இப்போதெல்லாம் அவன் பட்டறையிலிருந்து வந்ததும் சட்டையைப் படிக்கட்டிலேயே கழற்றி உதறிவிட்டு உள்ளே போகிறான். பெட்டி மேசைக்கு அடியில் விசிறி சுற்ற நின்றுகொண்டிருக்கிறது. அதன் பின்பக்கத்திலிருந்து வரும் வெதுவெதுப்பான காற்று அவன் கால்மேல் படும்போதெல்லாம் அவன் காலை இழுத்துக்கொள்கிறான். பட்டறையில் டேப் ஒட்டுவதையும் நிறுத்திவிட்டான். பெயர் மட்டும் போகவில்லை.

பவர் சப்ளையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. 'அந்த டேப்பை ஒட்டினது நான்தான்.' நாலு வார்த்தை. மனைவியிடம், மைத்துனன் காதுபடச் சொல்ல வேண்டியது. அது இன்னும் பாக்கி.